கல்லூரி மூடும்போது உளவியல் படிப்பு என்ன ஆகிறது? குமரி மாவட்டத்துக்கு ஒரு விளக்கம்

2025 ஜூலை–ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற பாடங்களும் அதே அறிவிப்பில் வந்தன. உடல்நலத்தோடும் மனநலத்தோடும் தொடர்புடைய தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இவை வருகின்றன என்பது காரணம்.

ஆனால் புயல் எச்சரிக்கை நீண்டாலோ, தொற்று பரவினாலோ, சாலை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டாலோ அதே உளவியல் வகுப்பு மறுநாளே கைப்பேசித் திரைக்கு வந்துவிடுகிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்த்த பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி: இணையத்தில் படிக்கக் கூடாத பாடத்தை இணையத்தில் நடத்துவது எப்படிச் சரியாகும்? சரியாகும், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் எவை என்று எந்தச் சுற்றறிக்கையும் விரித்துச் சொல்வதில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கலந்துவிடும் மூன்று சொற்கள்

1. தொலைநிலைக் கல்வி, இணையவழிப் பட்டம்: சேரும் நாளிலிருந்தே மாணவர் வெளியில் இருப்பார் என்று கணக்கிட்டு வடிவமைத்த படிப்பு. பாடநூல், காணொளி, தேர்வு எல்லாம் அதற்கேற்ப முன்கூட்டியே தயாராக இருக்கும். மானியக் குழு உளவியலுக்கு மூடியது இந்தக் கதவை.

2. கலப்புக் கற்றல்: வகுப்பறைப் படிப்பின் ஒரு பங்கை இணையத்தில் படித்து மதிப்பெண் சேர்ப்பது. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்கள் வழியாக 40 சதவீதம் வரை பெறலாம் என்கிறது 2021இன் விதிமுறை.

3. அவசரத் தொலைவழிக் கற்பித்தல்: நேரடி வகுப்புக்காகவே வடிவமைத்த படிப்பை, இடையூறு வந்ததால் தற்காலிகமாக வெளியே எடுத்துச் செல்வது. திட்டமிட நேரம் இருக்காது. இடையூறு தீர்ந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. 2020 ஊரடங்கின்போது பல கல்லூரிகள் அதை முதல்வகை போல நடத்த முயன்றன. காலை முதல் மாலை வரை வகுப்பறைக் கால அட்டவணையை அப்படியே கூகுள் மீட்டில் ஏற்றினார்கள். அவசரத்தில் அப்படிச் செய்ததை மன்னிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதையே செய்வதை மன்னிப்பதற்கில்லை.

குமரியில் செமஸ்டர் இரண்டு விதமாக முறிகிறது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. முதல் செமஸ்டரின் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் வருகின்றன. தென்மேற்குப் பருவமழையிலும் நனையும் மாவட்டம் இது. ஆகவே இங்கே செமஸ்டர் தடைபடுவதை எதிர்பாராத விபத்து என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இருந்தும் எல்லாத் தடையும் ஒரே மாதிரி இல்லை. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது வீட்டில் மின்சாரம் இருந்தது, கோபுரங்கள் இயங்கின, மனிதர்கள் சந்திக்கத்தான் முடியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நிலைமை தலைகீழ். ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. கைப்பேசிக் கோபுரங்கள் மின்கலம் தீர்ந்ததும் அடங்கிவிட்டன. ஆனால் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கத் தடை இல்லை. ஆலய வளாகம், சமூக நலக்கூடம், ஊர் நூலகம் என்று கூட இடம் இருந்தது.

முதல்வகைத் தடைக்கு இணையம் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாம் வகைக்கு இணைய வகுப்பு என்ற பேச்சே பொருந்தாது. அங்கே தேவைப்படுவது அச்சிட்ட தாள், பக்கத்து ஊர் மாணவர்கள் நான்கைந்து பேர் கூடும் சிறு குழு, வாரம் ஒருமுறை வந்துபோகும் ஆசிரியர். கல்லூரி ஒரே ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருந்து அது கூகுள் மீட் என்றால், ஒக்கி போன்ற நாளில் அதனிடம் திட்டமே இல்லை என்றுதான் பொருள்.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்டத்தின் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. பல்கலைக்கழகம் இருப்பதோ திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில். 2023 டிசம்பரின் பெருவெள்ளம் நெல்லையையும் தூத்துக்குடியையும்தான் மிக மோசமாகத் தாக்கியது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால், குழித்துறையில் வெயிலடித்தாலும் தேர்வு அட்டவணை அசையும்.

டேட்டாவின் கணக்கு

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. சுமார் 9.69 லட்சம் பேருக்கான திட்டம் அது. நல்ல உதவிதான். ஆனால் வீடியோ வகுப்பு ஒரு மணிநேரத்துக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஐந்து பாடவேளைக்கு 2 ஜிபி பெரும்பாலும் போதாது. வீட்டில் அண்ணனும் தங்கையும் படித்தால் சொல்லவே வேண்டாம். பேச்சிப்பாறை மலைப்பகுதியின் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் டேட்டா இருந்தும் சிக்னல் இல்லை என்பது வேறு கதை.

பத்து நிமிடக் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சில எம்பியைத் தாண்டாது. ஒரு பாடவேளையின் சாரத்தை அப்படி இரண்டு பதிவுகளில் அடக்கிவிடலாம். கவனம் பற்றிய பழைய ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 1948இல் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் கடிகார முள்ளைக் கண்காணிக்கச் சொல்லிப் பார்த்தபோது, முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கண்காணிப்பின் கூர்மை இறங்கத் தொடங்கியது. இதை இரண்டாம் ஆண்டு மாணவருக்குப் பாடமாக நடத்திவிட்டு, அவரையே ஐந்து மணிநேரம் திரைமுன் உட்கார வைப்பது உளவியல் துறைக்கு அழகில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் காட்டியது இன்னும் பயனுள்ளது: திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் போதும். டேட்டா வேண்டாம்.

அறுபடுவது பாடமா, மேற்பார்வையா?

கோட்பாட்டுப் பாடம் தடைபட்டால் நூலும் குறிப்பும் ஓரளவு ஈடுகட்டும். உளவியலில் ஈடுகட்ட முடியாதது ஒன்று இருக்கிறது: மாணவர் வேறொரு மனிதரோடு வேலை செய்வதை அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்ப்பது. சோதனைக்கு வந்தவரை எப்படி வரவேற்பது, அறிவுறுத்தலை எந்தத் தொனியில் வாசிப்பது, அவர் கண்கலங்கினால் எங்கே நிறுத்துவது ஆகியவை தாளில் ஏறாத திறமைகள். மானியக் குழு தொலைநிலை உளவியலை மூடியதில் உள்ள நியாயமும் இங்கேதான் கிடக்கிறது. அவசர காலத்தில் ஒரு துறையால் ஒன்றை மட்டுமே காப்பாற்ற முடியும் என்றால், காப்பாற்ற வேண்டியது கால அட்டவணையை அல்ல, இந்த மேற்பார்வையை.

மெல்லிய இணைப்பே இதற்குப் போதும். ஓர் ஆசிரியருக்கு எட்டு அல்லது பத்து மாணவர்கள். வாரத்தில் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடச் சாதாரணத் தொலைபேசி அழைப்பு. வீடியோ வேண்டாம். முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதாகவும் இருக்க வேண்டாம். “இப்போது பேச வசதிப்படுமா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாம். ஓரறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது, தான் பேட்டி கண்டவரைப் பற்றி மாணவி சத்தமாக விளக்க முடியாது, விளக்கவும் கூடாது. அந்த வாரம் எழுதி அனுப்பச் சொல்லிவிடலாம்.

செய்முறை: எதை இப்போது, எதைப் பிறகு

2020 ஏப்ரல் 29 அன்று வெளியான மானியக் குழு வழிகாட்டுதல், ஆய்வகப் பரிசோதனைக்கும் களக் கணக்கெடுப்புக்கும் பதிலாக, ஏற்கனவே உள்ள தரவு அல்லது மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட திட்டப்பணிகளைப் பரிசீலிக்கலாம் என்றது. வாய்மொழித் தேர்வை இணையச் செயலிகளில் நடத்தவும் அனுமதித்தது. கதவைத் திறந்துவிட்டது, எந்தப் பரிசோதனை எப்படி மாறும் என்பதைத் துறைகளிடம் விட்டது. அங்கேதான் பலர் தடுமாறினார்கள். ரெக்கார்டு நோட்டில் சென்ற ஆண்டு எண்களைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. செய்முறைப் பட்டியலை மூன்றாகப் பிரித்தால் வழி தெரியும்.

1. வீட்டிலேயே தாளால் செய்யக்கூடியவை.

அம்புமுனைகளின் திசையால் சமமான கோடுகள் நீளம் வேறுபட்டதாகத் தோன்றும் முல்லர்-லையர் மாயை 1889 முதல் இருக்கிறது. அதற்கு ஆய்வகக் கருவி கட்டாயமில்லை. அட்டையில் ஒரு கோடு வரைந்து இருமுனையிலும் உள்நோக்கிய அம்புகள், அதனுள் சறுக்கி நகரும் இன்னொரு அட்டையில் வெளிநோக்கிய அம்புகள். இரண்டு கோடுகளும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தச் சொல்லி அளவுகோலால் அளந்தால் முடிந்தது. பத்து முறை வெளியிலிருந்து உள்ளே, பத்து முறை உள்ளிருந்து வெளியே. கோட்டின் நீளம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் பிழையை மில்லிமீட்டரில் ஒப்பிடாமல் சதவீதமாக மாற்றி ஒப்பிட வேண்டும். இப்படிச் செய்யும் மாணவர், கருவியைக் கையில் வாங்கிச் செய்பவரைவிட அளவீட்டைப் பற்றி அதிகம் கற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து வரையும் கண்ணாடி வரைதலும் அப்படித்தான். அலமாரிக் கண்ணாடி, இரட்டைக் கோட்டு நட்சத்திரம் வரைந்த தாள், கையை மறைக்கச் சில புத்தகங்கள். வலக்கையில் பழகிய பின் இடக்கையின் பிழை குறைகிறதா என்று பார்த்தால் ஒரு கையின் பயிற்சி மறு கைக்குப் போகும் பயிற்சி மாற்றமும் சோதித்தாயிற்று. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யும் எபிங்ஹாஸின் 1885 முறைக்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம்கூடப் போதும்.

2. தொலைபேசியிலோ இணையத்திலோ செய்யக்கூடியவை.

எண்களை வரிசையாகச் சொல்லி, முன்னிருந்தும் பின்னிருந்தும் திருப்பிச் சொல்லக் கேட்கும் நினைவுச் சோதனை சாதாரண அழைப்பிலேயே நடக்கும். நொடிக்கு ஓர் எண் என்ற வேகத்தை முதலில் நண்பரோடு பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மறுவினை நேரப் பரிசோதனைகளுக்கு சைடூல்கிட் போன்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. புள்ளியியலுக்கும் விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். ஆனால் கைப்பேசித் திரை விரல் பட்டதைப் பதிவுசெய்யத் தானும் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. இது முடிவைக் கெடுக்குமா? நிறப் பெயர் ஒன்றை வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, எழுத்தின் நிறத்தைச் சொல்லக் கேட்பது ஸ்ட்ரூப் பரிசோதனை. அதில் ஒரே மாணவி, ஒரே கைப்பேசியில், நிறமும் சொல்லும் பொருந்தும் சீட்டுக்கு 700 மில்லிநொடியும் பொருந்தாததற்கு 820 மில்லிநொடியும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி இரண்டிலும் 80 மில்லிநொடி கூட்டினால் அளவீடு 780, 900 ஆகும். வேறுபாடு அதே 120. ஒருவருக்குள் ஒப்பிடும்போது நிலையான தாமதம் தானாகக் கழிந்துவிடுகிறது.

ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் கதை மாறும். விலை மலிவான கைப்பேசியின் தாமதம் அதிகம் என்றால், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்கள் ‘மெதுவாக’ இருப்பதாகத் தரவு காட்டும். உண்மையில் மெதுவாக இருந்தது கைப்பேசி. கடலோர ஊர் மாணவரையும் நகர மாணவரையும் இப்படி ஒப்பிட்டு ஒரு திட்டப்பணி வந்தால், வழிகாட்டி அதை முதல் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

3. காத்திருக்க வேண்டியவை.

தனிநபர் நுண்ணறிவுச் சோதனைகள், மைக்கறைகளில் என்ன தெரிகிறது என்று கேட்கும் மைத்தடச் சோதனை போன்றவை, மருத்துவமனைப் பார்வை, நேர்காணல் பயிற்சி. பினே-காமத் போன்ற நுண்ணறிவுச் சோதனைகளின் தரநிலை எண்கள் நேருக்கு நேர், குறிப்பிட்ட முறையில் நடத்தியபோது கிடைத்தவை. முறையை மாற்றினால் அந்த எண்களோடு ஒப்பிடும் உரிமை போய்விடுகிறது. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். சோதனை வினாக்களைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. விடை வெளியே தெரிந்த சோதனை நாளை ஒரு குழந்தையை மதிப்பிடப் பயன்படாது. மூன்றாவது வகையைக் கல்லூரி திறந்ததும் இரண்டு வாரம் அடர்த்தியாக நடத்த நாள் ஒதுக்கி, அந்த நாளை மாணவருக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு நிரப்பப்படும் படிவம்

இடையூறு வந்தவுடன் உளவியல் மாணவர்கள் முதலில் செய்வது என்ன? கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து, தங்கள் ஊர்க் குழுக்களில் பகிர்வது. ‘ஊரடங்கில் மனச்சோர்வு’, ‘புயலுக்குப் பின் பதற்றம்’ என்று தலைப்பு. ஆர்வம் பாராட்டத்தக்கது, ஆபத்து பெரிது.

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். இலவசம், ஒன்பதே கேள்விகள், மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. நேரில் ஒருவர் ‘ஆம்’ என்றால் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார். படிவத்தில் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ‘ஏறத்தாழ தினமும்’ என்று தட்டினால், அது விரிதாளின் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மாணவர் பத்து நாள் கழித்துச் சராசரி எடுக்கும்போது பார்ப்பார். படிவம் பெயர் கேட்காதது என்றால் யாரைத் தேடுவது? பெயர் கேட்டது என்றால், அந்தத் தகவல் ஒரு இருபது வயது மாணவரின் கைப்பேசியில் கிடக்கிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் தகவலை இரகசியமாகக் காக்க அவருக்கு உரிமை தருகிறது. மாணவர் ஆய்வில் பங்குபெறுபவருக்கு அதைவிடக் குறைந்த மரியாதை போதும் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இளநிலை மாணவருக்கு என் பரிந்துரை கடுமையானது: இடையூறு நடக்கும் செமஸ்டரில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பேரதிர்ச்சி ஆகியவற்றை அளக்கும் கணக்கெடுப்பே வேண்டாம். தூக்கப் பழக்கம், படிப்புத் திட்டமிடல், நினைவு உத்திகள் என்று ஆய்வுக்குத் தலைப்புகள் ஏராளம். முதுநிலையில் அனுமதித்தால் நான்கு நிபந்தனைகள்:

1. துறையின் எழுத்துபூர்வ ஒப்புதல் படிவம் வெளியாகும் முன்பே வாங்கப்பட வேண்டும்.
2. படிவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 14416 என்ற உதவி எண் தமிழ் விளக்கத்தோடு இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் எண் அது. இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.
3. பதில்களை ஆசிரியர் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். மாணவர் மட்டும் பார்ப்பது போதாது.
4. அப்படிப் பார்க்க யாரும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கக் கூடாது.

கால அளவிலும் ஒரு பொறி உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று சொல்ல, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இன் வரையறை. மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை இருப்பதற்கு வேறு பெயர். ஆக, புயலடித்த இரண்டாம் வாரத்தில் ‘இத்தனை சதவீதம் பேருக்கு’ அந்த நோய் என்று வரும் எந்தக் கணக்கும் வரையறைப்படியே தவறு. நாளிதழில் வந்தாலும் தவறுதான்.

வீட்டாரையே சோதனைக்கு உட்படுத்துவதும் எளிதாகத் தோன்றும் தவறு. எண் நினைவுச் சோதனைக்கு அம்மாவைக் கேட்கலாம். அம்மாவிடம் ஆளுமை வினாத்தாளைக் கொடுத்து, பதிலை ரெக்கார்டில் எழுதி, ஆசிரியர் வாசிக்கக் கொடுப்பது வேறு விஷயம். மகள் கேட்டால் அம்மா மறுக்கமாட்டார். மறுக்க முடியாத இடத்தில் வாங்குவது ஒப்புதல் ஆகாது.

மாணவரும் அந்த ஊர்க்காரர்தான்

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நீளும் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் ஒக்கிக்குப் பின் திரும்பவில்லை. உடலும் கிடைக்காத இழப்பு அது. இத்தகைய துயரத்தைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அடக்கம் இல்லை, நாற்பதாம் நாள் இல்லை, முடிந்தது என்று சொல்ல ஒரு நாள் இல்லை. பொதுச் சட்டப்படி காணாமற்போனவர் இறந்ததாகக் கருத ஏழு ஆண்டுகள் வேண்டும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் மாணவிக்குத் துயரம் பற்றிய பாடத்தைக் காணொளி இணைப்பாக அனுப்பி, ‘பார்த்துவிட்டுச் சுருக்கம் எழுதுக’ என்பது என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வகுப்பறையில் இந்தப் பாடத்துக்கு இயல்பான பாதுகாப்பு உண்டு. ஆசிரியர் முகங்களைப் பார்க்கிறார், ஒருத்தி எழுந்து வெளியே போனால் தோழி பின்னால் போகிறாள், வகுப்பு முடிந்து வராந்தாவில் ஒரு கேள்வி கேட்க முடிகிறது. தொலைவழியில் அவை மூன்றும் இல்லை. பிறழ்நிலை உளவியலில் ஒவ்வொரு நோயின் அறிகுறியையும் படிக்கும்போது தனக்கோ தம்பிக்கோ அது இருப்பதாகத் தோன்றுவது மாணவர்களிடம் சாதாரணம்; ஆறுதல் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அந்த எண்ணம் வளரும். அதனால் தொலைவழி வாரங்களில் பாட வரிசையையே மாற்றலாம்: புலனுணர்வு, நினைவு, புள்ளியியல் முதலில், துயரம், தற்கொலை, வன்முறை ஆகியவை கல்லூரி திறந்த பின். பாடத்திட்டம் அலகுகளைத்தான் நிர்ணயிக்கிறது. எந்த வாரத்தில் எது என்பது துறையின் கையில்.

ஆசிரியர் மாணவருக்குச் சிகிச்சையாளர் ஆகவும் கூடாது. மதிப்பெண் போடுபவரிடம் மனம்திறப்பது பின்னால் சங்கடம் தரும். ஆசிரியர் கேட்கலாம், அவகாசம் தரலாம், 14416ஐயோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ காட்டலாம். அதற்கு மேல் வேறொருவர் பார்க்க வேண்டும்.

‘நீ உளவியல்தானே படிக்கிறாய்?’

பேரிடர் வந்தால் ஊரில் இந்தக் கேள்வி எழும். நிவாரண முகாமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, விதவைகளிடம் பேச, என்று மாணவர்களைக் கூப்பிடுவார்கள். பங்குத்தந்தையோ ஊர்த்தலைவரோ கேட்டால் இல்லை என்பது கடினம். எம்.எஸ்சி. முடித்தவரே அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற முடியாது என்னும்போது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஆற்றுப்படுத்துநர் இல்லை என்பதைக் கல்லூரிதான் ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சங்கடத்தை மாணவர் தலையில் கட்டக் கூடாது.

அவர்களால் செய்யக்கூடியது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. யாருக்கு உடனடித் தேவை என்று பார்ப்பது. அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது. உணவு, உறவினர், மருத்துவர் என்று உரிய இடத்தோடு இணைப்பது. செய்யக் கூடாதது, நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லவைத்து மனப்பாரத்தை இறக்குகிறேன் என்று ஒரே அமர்வில் முயல்வது. அத்தகைய ஒற்றை அமர்வுகளால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் விளையலாம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2002இன் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. தனியாக யாரும் போகக் கூடாது, அன்று மாலையே ஆசிரியரிடம் பேச வேண்டும், சொந்த வீட்டில் இழப்பு நேர்ந்தவரைக் கேட்கவே கூடாது. முகாமில் போன நேரத்தை இன்டர்ன்ஷிப் மணிநேரமாகக் கணக்கிடுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மதிப்பெண் ஆசை காட்டி அனுப்பினால் போக மனமில்லாதவரும் போவார்.

வருகை, இன்டர்னல், தேர்வு

2020 ஏப்ரல் வழிகாட்டுதல் ஊரடங்கு நாட்களை மாணவர் வருகை தந்ததாகவே கருதலாம் என்றது. ஆனால் அது அந்தக் காலத்துக்கு மட்டுமானது. புயல் விடுமுறைக்குத் தானாகப் பொருந்தாது. ஆகவே கல்லூரி ஒவ்வொரு முறையும் எழுத்தில் தெளிவாக்க வேண்டும். வீடியோ இணைப்பில் பெயர் தெரிந்தால்தான் வருகை என்று வைத்தால், சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஏறுபவருக்குத் தண்டனை கொடுத்ததாகும். அந்த வாரத்தின் ஒரு பக்க எழுத்து வேலை வந்து சேர்ந்ததா என்பதையே வருகையாக எடுத்துக்கொள்ளலாம்.

இறுதியாண்டுக்காரர்களின் நிலை வேறு. 2020 ஜூலை 6இல் மானியக் குழு இறுதித் தேர்வைச் செப்டம்பருக்குள் நடத்தச் சொன்னது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, தேர்வே இல்லாமல் மாநிலங்கள் இறுதியாண்டு மாணவரைத் தேர்ச்சி பெறச் செய்ய முடியாது என்றது. தேதியை மாற்றக் கோரலாம் என்று மட்டும் வழிவிட்டது. தேர்வு ரத்தாகும் என்ற வதந்தியை நம்பி ரெக்கார்டை முடிக்காமல் இருப்பதால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

இன்டர்னல் மதிப்பெண்ணில் கெடு தேதிக்குப் பதில் பத்து நாள் இடைவெளி ஒன்றைக் கொடுப்பது, தாமதத்துக்குச் சான்று கேட்காமல் இருப்பது, இரண்டு தேர்வில் நல்லதை எடுத்துக்கொள்வது ஆகியவை துறை அளவிலேயே முடியும். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மிஞ்சுவது சான்றிதழ். மருத்துவமனையில் நூறு மணிநேரம் இருக்க வேண்டிய மாணவி நாற்பதுதான் இருந்தார் என்றால், நாற்பது என்றே எழுதிக் கொடுத்து, மீதியைத் தொலைபேசி வழி வழக்கு விவாதத்தில் நிறைவு செய்ததாகத் தனி வரியில் குறிப்பிடலாம். இரக்கப்பட்டு நூறு என்று போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அடுத்த படிப்புக்கான நேர்காணலில் “நேரில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?” என்று கேட்கும்போது அந்தத் தாளோடு தனியாக உட்கார்ந்திருக்கப் போவது அவர்தான், விடுபட்ட அறுபது மணிநேரத்தை விடுமுறையில் முடிக்க மருத்துவமனையிடம் கடிதம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியது துறைத்தலைவரின் வேலை.